லாரி மோதிச் சாவு விழுந்த வீட்டில் அவசரக் கையெழுத்து வேண்டாம்

கடலூர்–விருத்தாசலம் சாலையில் குறிஞ்சிப்பாடி வழியே லோடு லாரியும் கரும்பு டிராக்டரும் வேலைக்குப் போகிறவரின் பைக்கும் ஒட்டி உரசித்தான் போகின்றன. 2024 செப்டம்பரில் சிதம்பரத்தை அடுத்த பு.முட்லூர் அருகே லாரியும் காரும் மோதி, காரில் வந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிவதற்குள் சமாதானம் பேச ஆள் வந்துவிடும். "கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்கா இழுப்பாங்கம்மா. ஓனர் ஐம்பதாயிரம் தர்றாரு, வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்பார். போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 35 வயது கொத்தனார் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள். தவறு லாரி மீதுதான். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000. ஆண்டுக்கு 1,68,000. 35 வயதுக்குரிய பெருக்கி 16. ஆக, வருமான இழப்பு மட்டுமே 26,88,000 ரூபாய்! ஈமச்செலவு போன்றவை தனி. சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளிக்கும் நீதிமன்றம் வருமானத்தைத் தானே நிர்ணயிக்கும். வீட்டு வேலை மட்டும் பார்த்த பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது.

பணத்தைக் கட்டப்போவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனம். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. டிரைவர் மீதான போலீஸ் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. முன்னது நடக்கிறதே என்று பின்னதை விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் வேதனை.

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். சேலத்தில் விபத்து நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

எஃப்.ஐ.ஆர். நகல், லாரி எண், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, ஆஸ்பத்திரி பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது போலீசின் கடமை; அனுப்பியாயிற்றா என்று கேளுங்கள். மோதிய லாரி எதுவென்றே தெரியாவிட்டால், வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம்: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

வக்கீலை நீங்களே தேடிப் போங்கள். ஆஸ்பத்திரி வாசலில் வரும் புரோக்கர் வேண்டாம். வருகிற இழப்பீட்டில் பங்கு கேட்பது வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் விதி தடுத்த செயல். கையில் காசில்லை என்றால் 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; அல்லது கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.