பத்தொன்பது மடங்கு: ஓர் எண்ணும் அதன் பின்னாலுள்ள ஆய்வும்

பாலின மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிப் பேச்சு எழுந்தால் ஓர் எண் அடிக்கடி காதில் விழும். “ஒப்பரேஷன் செஞ்சவங்க மத்தவங்கள விட பத்தொன்பது மடங்கு தற்கொலை செய்றாங்களாம்” என்பார்கள்.

எண் பொய்யல்ல. 2011இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் அது இருக்கிறது. 1973 முதல் 2003 வரை அந்நாட்டில் பாலின மாற்றுச் சிகிச்சை பெற்ற 324 பேரை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர் வீதம், அதே ஆண்டில் பிறந்த பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 10 பேரும், ஒப்பிடப்பட்ட 3240 பேரில் 5 பேரும் தற்கொலையால் இறந்திருந்தனர். அதிலிருந்து கணித்ததே 19.1 மடங்கு. இறப்புகள் சிலவே என்பதால், உண்மை மடங்கு ஏறத்தாழ 6 முதல் 63 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதும் அதே ஆய்வில் உண்டு.

யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். இருதய சத்திரசிகிச்சை செய்தவர்களை நோயே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், செய்தவர்கள்தான் கூடுதலாக இறந்திருப்பார்கள். அதற்காக ஒப்பரேஷன்தான் கொன்றது என்று யாரும் சொல்வதில்லை. இங்கும் அதே மன வேதனையோடு சிகிச்சை பெறாமல் இருந்தவர்களோடு ஒப்பிடவில்லை. ஆகவே சிகிச்சை உதவியதா, கெடுத்ததா என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பின்பும் இவர்களுக்குத் தொடர்ந்து கவனிப்பு வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

மறுதரப்பும் இதே பிழையில் விழுந்ததுண்டு. 2019இல் சுவீடனின் தரவுகளைக் கொண்டே இன்னோர் ஆய்வு வந்தது. 2679 பேரைப் பற்றியது. சத்திரசிகிச்சை முடிந்து ஆண்டுகள் செல்லச் செல்ல மனநல சிகிச்சை தேவைப்படுவது குறைகிறது என்றது. செய்திகள் அதைக் கொண்டாடின. ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து பத்தாண்டு கடந்தவர்கள் அதில் 19 பேர் மட்டுமே. விமர்சனங்கள் எழுந்ததும் 2020இல் திருத்தம் வெளியானது. செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டபோது நன்மை தென்படவில்லை என்றும், முதல் முடிவு அளவுக்கு மீறி உறுதியாகச் சொல்லப்பட்டது என்றும் ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இத்துறையின் குறைகள் இவ்விரண்டிலும் தெரிகின்றன. ஆட்கள் குறைவு. தகுந்த ஒப்பீட்டுக் குழு இல்லை. நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்ப்பதும் அரிது. சில ஆய்வுகளில் பாதிவழியில் தொடர்பு விட்டுப்போனவர்கள் நலமாக இருக்கிறார்களா, வருந்துகிறார்களா என்பதே தெரியாது. இங்கிலாந்தில் ஹிலரி காஸ் தலைமையிலான மீளாய்வு, சிறார் சிகிச்சைக்கான ஆதாரம் பலவீனமானது என்று 2024இல் அறிவித்தது. சிறுவயதில் சிகிச்சைக்கு வந்த சுமார் 9000 பேர் பின்னர் என்ன ஆனார்கள் என்று அறிய முயன்றபோது, வயதுவந்தோருக்கான சிகிச்சை நிலையங்களில் பெரும்பாலானவை ஒத்துழைக்கவில்லை. தரவு இருந்தும் பதில் கிடைக்கவில்லை.

மார்க்கத் தீர்ப்பு சொல்வது உலமாக்களின் பொறுப்பு. குன்ஸா பற்றி ஃபிக்ஹு நூல்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கின்றன. இன்றைய கேள்விகளிலோ வைத்தியர்களின் சாட்சியமும் தேவைப்படுகிறது. அந்தச் சாட்சியம் அரைகுறையாக இருந்தால் அதன் மேல் கட்டுவதும் ஆட்டம் காணும். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நமது. ஓர் எண்ணை எடுத்துச் சொல்லும் முன் மூன்று கேள்வி கேட்போம்: எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டது? எத்தனை ஆண்டு பார்த்தது? கேட்டுக்கொண்டிருப்பவர்களில், இந்த வேதனையை வெளியே சொல்ல முடியாத பிள்ளையும், அதன் உம்மாவும் இருக்கக்கூடும்.