உப்பு கம்பியைத் தொடும் நாள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், பழைய தொடர்மாடிகளின் பல்கனி அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். ஒன்றிரண்டிலாவது சீமெந்து பெயர்ந்து, துருவேறிய கம்பி தெரியும். மேசனைக் கூப்பிட்டுப் பூசிப் பெயின்ற் அடித்தாலும், கொஞ்சக் காலத்தில் அதே இடம் மறுபடி வெடிக்கும். ஏன்?

நல்ல கொங்கிறீட் கடும் காரத்தன்மை உள்ளது. பிஎச் அளவு 12.5ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி இரும்பைக் காக்கிறது. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைட்டு, கொங்கிறீட்டின் நுண்துளை ஈரத்தினூடே ஊர்ந்து உள்ளே போய் அந்தப் படலத்தைக் குலைக்கிறது. துருவுக்கு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடமேது? கொங்கிறீட் பிளக்கிறது.

உப்பு கம்பிவரை ஊர எத்தனை வருடம் ஆகும்? காத்திருந்து அளப்பதென்றால் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதனால் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஊரும் விதத்தைச் சொல்லும் சமன்பாடு 1855இல் அடோல்ஃப் ஃபிக் எழுதியது. அவர் பொறியியலாளர் அல்ல, உடலியல் ஆய்வாளர். உப்பு ஊரும் காலம் ஒன்று, துரு பெருகும் காலம் இன்னொன்று என்று கட்டடத்தின் ஆயுளை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் சுவீடனில் ஆய்வு செய்த கியோஸ்தி தூட்டி, 1982இல்.

கணினி செய்வது எளிய வேலைதான். கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீட்டை மில்லிமீற்றர் கனத் தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டிலிருந்தும் உப்புக் குறைந்த அடுத்த தட்டுக்கு எவ்வளவு நகரும் என்று நாள் நாளாகக் கணக்கிடுகிறது. வெப்பநிலையும் கணக்கில் வரும். சூட்டில் உப்பு வேகமாக ஊரும் என்பதால், குளிர்நாட்டு விடையை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது.

இந்தக் கணக்கில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது கம்பி இருக்கும் ஆழம், அதாவது கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீட்டின் கனம் (மூடல்). காலம், ஆழத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 மில்லிமீற்றர் மூடல் தாங்கும் காலத்தில், 25 மில்லிமீற்றர் மூடல் ஏறக்குறைய கால்வாசிதான் தாங்கும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் புளொக்கை அடியில் வைக்க மறந்த ஒரு பின்னேரம், கட்டடத்தின் பல பத்தாண்டுகளைத் தின்றுவிடலாம். வரைபடத்தில் 50 என்று எழுதியிருந்தாலும் வேலைத்தளத்தில் ஓரிடத்தில் 35, இன்னோரிடத்தில் 55 என்றே அமையும். ஆகவே ஒரே விடையை நம்பாமல், ஆழத்தையும் உப்பின் அளவையும் குலுக்கிப் போட்டு ஆயிரக்கணக்கான தடவை ஓட்டுகிறார்கள். சூதாட்ட நகரின் பெயரால் மொண்டே கார்லோ முறை என்பார்கள். கிடைப்பது ஒரு தேதி அல்ல. ‘30 வருடத்துக்குள் துரு தொடங்க இவ்வளவு வாய்ப்பு’ என்ற மதிப்பீடு. வீடு விற்பவருக்கு இது பிடிக்காது.

வெடிப்பில்லாத கொங்கிறீட்டுக்கான கணக்கு இது. வெடிப்பு வழியே உப்பு ஊர்வதில்லை, நேரே நுழைகிறது.

சென்னை ஐஐடியில், சுட்ட களிமண்ணும் சுண்ணக்கல்லும் கலந்த எல்சி3 சீமெந்தை இதே வகைக் கணக்குகளால் சோதித்திருக்கிறார்கள். சாதாரணச் சீமெந்தைவிட அதில் குளோரைட்டு மிக மெதுவாகவே ஊருகிறது. ஆனால் காற்றின் காபனீரொட்சைட்டு அதனுள் விரைவாக இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. கடலோரத் தூணுக்கு அதைப் பரிந்துரைக்கும் கணக்கு, கடலிலிருந்து தள்ளியுள்ள வீட்டுச் சுவருக்கு வேறு சீமெந்தைச் சொல்லக்கூடும்.