மலைச்சாரற் பறவைகளும் இருகண் தொலைநோக்கியும்

கேகாலை மாவட்டத்திலே, மாவனல்லைக்குத் தெற்கே, மலைகளின் மடியில் அமைந்துள்ளது அரநாயக்க. பத்தலேகல என்னும் தட்டையான உச்சியுடைய குன்று அப்பிரதேசத்துக்குக் காவல் நிற்பது போல நிமிர்ந்து நிற்கிறது. தேயிலையும் றப்பரும், அவற்றினூடே பலாவும் கமுகும் கித்துளும் செறிந்த அச்சாரல்களிலே, பொழுது புலரும் முன்னரே பறவைகளின் ஒலி தொடங்கிவிடுகிறது. லயத்தின் வாயிலில் நிற்பவனுடைய செவிக்கு அவ்வொலி எட்டுகிறது. கண்ணுக்கோ பறவை எட்டுவதில்லை.

இலங்கைக்கே உரிய மஞ்சள் நெற்றிக் குக்குறுவானை எடுத்துக்கொள்வோம். பகல் முழுதும் ஓயாது கூவும் அப்பறவையின் உடல் பச்சை. அது அமரும் இலைகளும் பச்சை. மற்றொன்று, தலைகீழாகத் தொங்கியவாறு உறங்கும் இயல்புடைய இலங்கைத் தொங்குகிளி. சிட்டுக்குருவியினும் பெரிதாகாத அதன் செவ்வுச்சியை உயர்ந்த மரத்தின் பூங்கொத்துகளிடையே வெறுங்கண்ணாற் கண்டறிதல் அரிது. ஒலிக்கும் உருவுக்கும் உள்ள இடைவெளி எத்தனை நீண்டதாகலாம் என்பதற்கு அதே கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக் காடு சான்று பகரும். முன்பு எவரும் இனங்காணாத ஓர் ஆந்தையின் குரலை 1995ஆம் ஆண்டில் தீபால் வரகாகொட என்னும் பறவையியலாளர் அங்கே கேட்டார். அதன் உருவத்தை அவர் சிங்கராஜ வனத்திலே கண்டது 2001ஆம் ஆண்டில். அது புதிய இனமென அறிவியல் ஏட்டில் விவரிக்கப்பட்டது 2004ஆம் ஆண்டில்.

கண்ணுக்குத் துணையாக நிற்பது, பைனாக்குலர் என வழங்கும் இருகண் தொலைநோக்கி. உலகச் சந்தையில் ஏறத்தாழ 150 முதல் 500 அமெரிக்க டொலர் வரை விலைபெறுவன நடுத்தர விலையினவாகக் கருதப்படுகின்றன. இவ்வகையில் மிகக் குறைந்த விலையுடையதும் தோட்டக் குடும்பமொன்றின் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடக்கூடியது. பறவை காண வரும் பயணிகளுக்கு வழிகாட்டியாகித் தொழில் தேட விரும்பும் இளைஞனுக்கு அஃது ஒரு முதலீடு. ஆகவே, தெரிவிலே பிழை நேரின் அவ்விழப்பு சிறியதன்று.

கருவியின் மேல் 8 x 42, 10 x 42 என்றவாறு இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் உருப்பெருக்கம், இரண்டாவது, ஒளியை ஏற்கும் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். முதலெண் பெரிதாயின் கருவி சிறந்தது என்பது பலரின் எண்ணம். அரநாயக்க போன்ற இடங்களில் அவ்வெண்ணமே ஏமாற்றத்துக்கு வித்தாகிறது.

இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்தால் கண்ணைச் சென்றடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8 x 42 கருவியில் அது 5.25 மில்லிமீற்றர், 10 x 42இல் 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10 x 25இல் 2.5 மாத்திரமே. நண்பகல் வெயிலில் மனிதக் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவே திறந்திருப்பதால், சிறு கருவியும் அப்போது குறைவின்றிப் பயன்படும். ஆனால், பறவைகள் மிகுதியாக இயங்குவது விடியலிலும் மாலையிலும். மறைந்து வாழ்வது அடர்ந்த மரநிழலில். அவ்வேளைகளிற் கண்மணி அகன்று கூடுதலான ஒளியை வேண்டி நிற்கிறது. ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வந்து, அந்திவேளையிலே குரலெழுப்பும் ஆறுமணிக்குருவியைப் புதரடியிற் காண முயல்வோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்வர்.

பெருக்கம் கூடினால் கையின் நடுக்கமும் உடன் பெருகும். காட்சிப் பரப்பும் குறுகும். 1000 மீற்றர் தொலைவில் எட்டு மடங்குக் கருவி ஏறத்தாழ 130 மீற்றர் அகலத்தைக் காட்டினால், பத்து மடங்குக் கருவி 110 மீற்றர் அளவையே காட்டும். கிளைக்குக் கிளை தாவும் சிறு குருவியைத் தொடர்வதற்கு அகன்ற பரப்பே உதவும். ஆதலின் இத்தகைய சாரல்களுக்கு 8 x 42 பொருத்தமானது. பாரம் தாங்க இயலாதோர் 8 x 32ஐக் கொள்ளலாம். பரந்த குளங்களிலே நீர்ப்பறவைகளை நோக்குவோருக்குப் பத்து மடங்கு ஏற்றது.

அடுத்துக் கவனிக்கத்தக்கது கண்ணாடி. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி எறிகிறது. அத்தகைய பத்துப் பரப்புகளைக் கடக்கையில் மூன்றிலொரு பங்கு ஒளி வீணாகும். இவ்விழப்பைத் தவிர்க்கும் மென்பூச்சு ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் 1935ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எல்லாப் பரப்புகளிலும் பல படைப் பூச்சு உண்டு எனக் குறிக்கும் 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்னும் ஆங்கிலத் தொடர் கருவியின் விவரத்திற் காணப்பட வேண்டும்.

உள்ளிருக்கும் அரியங்களின் அமைப்பில் இரு வகைகள் உள. தோள் அகன்ற பொரோ வகை, ஒரே விலைக்குத் தெளிவு கூடிய காட்சியைத் தருவதுண்டு. எனினும் அவற்றுட் பல மழைநீரைத் தடுப்பதில்லை. நேர்குழல் வடிவினதாகிய கூரை அரிய வகை அடக்கமானது. உள்ளே நைதரசன் வாயு நிரப்பி அடைக்கப்பட்டதாயின் மழைக்கும் உட்புற மூடுபனிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மழை மலிந்த சபரகமுவவில் இதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுதல் தகும். மூக்குக் கண்ணாடி அணிவோர், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 16 மில்லிமீற்றர் அளவிலேனும் இடைவெளி தரும் கருவியையே நாட வேண்டும்.

கடையிலே செய்யத்தக்க சோதனைகள் எளியன. கருவியை ஒரு முழத் தொலைவில் ஏந்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கண்வில்லையின் நடுவே ஓர் ஒளிப்பொட்டு தெரியும். அது வட்டமாக இருத்தல் நன்று. ஓரங்கள் வெட்டுண்டு சதுரமாகத் தோன்றினால் அரியம் தரங்குறைந்தது. பின்னர், தூரத்துக் கம்பத்தையோ கூரை விளிம்பையோ சில நிமிடங்கள் உற்று நோக்க வேண்டும். உருவம் இரட்டித்தாலோ, கண் வலித்தாலோ குழல்கள் ஒருநேராக அமையவில்லை என்பது பொருள். கிட்டியுள்ள பொருளையும் நோக்குக. மூன்று மீற்றரிலே தெளிவு கிடைத்தால் புதரடிப் பறவைகளுக்குப் போதும்.

இணையவழி விற்பனையிலே நூறு மடங்கு பெருக்கம், இரவிலும் பகல்போற் காட்சி என்று மிகக் குறைந்த விலைக்கு விளம்பரம் செய்யப்படுவனவற்றை விலக்குதல் அறிவுடைமை. கைப்பிடிக் கருவியில் நூறு மடங்கு என்பது நடவாத காரியம். நோக்கிப் பார்த்து வாங்க வழியில்லையாயின், திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் உத்தரவாதத்தையும் முன்னரே எழுத்திற் பெறுதல் வேண்டும்.

வாங்கிய பின் பேணுதலும் கடமையே. ஈரக் காற்றால் வில்லைகளிற் பூஞ்சணம் படரும். ஆகவே கருவியை உலர்த்தி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடும் பெட்டியில் வைத்தல் நலம். வில்லையின் தூசியை முதலில் ஊதி நீக்கிய பின்னரே மென்றுணியால் துடைக்க வேண்டும். எக்காரணங் கொண்டும் கருவியினூடாகக் கதிரவனை நோக்கலாகாது. ஒரு கணப்பார்வையும் கண்ணைக் கெடுத்துவிடும். சிறுவர் கையிற் கொடுக்குமுன் இதனைச் சொல்லிவைத்தல் அவசியம்.

அதன்பின் எஞ்சுவது பழக்கமே. பறவையிலிருந்து விழியை அகற்றாமலே கருவியைக் கண்ணருகே உயர்த்தப் பழகியவனுக்குப் பச்சை இலைகளிடையே பச்சைக் குக்குறுவானும் புலப்படும். நாள்தோறும் கேட்ட குரலுக்கு உரிய உருவத்தை அவன் முதன்முதலாக அறிந்துகொள்வான்.