மீன் தொட்டிப் பம்பு இரைகிறதா?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன்களுக்கு நல்ல சந்தை இருக்கிறது. எளாவூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து விவசாயக் குடும்பங்களும் வீட்டின் பின்புறம் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்த்து உபரி வருமானம் பெறலாம். இதில் நீரை இறைத்து வடிகட்டி வழியே சுழலச் செய்யும் சிறு பம்பே தொட்டியின் உயிர்நாடி.

அண்மையில் எளாவூரில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். "ஒரு வாரமா கடகடன்னு சத்தம் போடுதுங்க ஐயா. தூங்க முடியல. படுக்கப் போறப்ப பிளக்கைப் பிடுங்கிடறேன்" என்றார் அந்த அம்மாள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதாகவும் அவரே சொன்னார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர் உணரவில்லை.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்து நிற்கும். அது 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரவில் நீர்த்தாவரங்களும் பிராணவாயுவையே உறிஞ்சுகின்றன. எனவே இரவில் பம்பை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. வடிகட்டியில் மீன் கழிவை மாற்றித் தரும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் நீரோட்டம் நின்றால் மடியும்.

ஓசையைக் கொண்டு பழுதை அறியலாம். ஆனால், பிளக்கைக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விடவே கூடாது.

1. களகளவென்ற ஓசை: பம்பு காற்றை இழுக்கிறது. நீர்மட்டம் குறைந்திருந்தால் நீர் ஊற்றவும். நீரின்றி ஓடினால் பம்பு சூடேறிக் கெட்டுவிடும். நீர்தான் அதற்குக் குளிர்ச்சியும் மசகும்.

2. ரீங்கார அதிர்வு: பம்பு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ரப்பர்க் கால்கள் இறுகிப் போயிருந்தால் மாற்றவும். சிறு ஸ்பாஞ்சுத் துண்டின் மீது வைத்தாலும் ஓசை அடங்கும்.

3. கடகட ஓசை: கிணற்றுப் பம்பில் உள்ளது போலவே இதிலும் ஓர் இம்பெல்லர் உண்டு, அது காந்தத்துடன் இணைந்து சுழல்கிறது. முன்மூடியைத் திருகி அதை வெளியே இழுக்கலாம். மணல், பாசி, தீவன மிச்சம் இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவவும். அந்த அம்மாள் வீட்டுப் பம்பில் சிக்கியிருந்தது ஒரு சிறு நத்தை! அதை எடுத்ததும் ஓசை நின்றது. புதுப் பம்பு வாங்கும் செலவும் மிச்சம்.

4. உராயும் ஓசை: அச்சில் உப்புப் படிந்திருக்கும். இம்மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கடலை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரின் தன்மையைச் சோதித்தறிவது அவசியம். நீர் கடினமாக இருந்தால் சுண்ணாம்பு படியும். வினிகரும் நீரும் சம அளவு கலந்து, கழற்றிய இம்பெல்லரை அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் பலமுறை அலசவும். சோப்பு, எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. அவை மீனின் செவுள்களைக் கெடுக்கும்.

சுத்தம் செய்தும் ஓசை நீடித்தால் அச்சோ இம்பெல்லரோ தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். பம்பு இயங்காமல் முனகினால் உடனே நிறுத்தி, இம்பெல்லர் சிக்கியுள்ளதா என்று பார்க்கவும். வயரின் மேலுறை வெடித்திருந்தாலோ, நீரைத் தொட்டால் மின் அதிர்ச்சி தோன்றினாலோ அப்பம்பை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. தொட்டிக்கான மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவது உயிர் காக்கும். வயர் வழியே நீர் பிளக்குக்குச் சொட்டாதபடி, வயரைச் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்றவும்.

பம்பைப் பழுதுபார்க்கும் நேரத்தில் தீவனத்தை நிறுத்தி, தொட்டி நீரையே குவளையில் மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றி வந்தால் மீன்கள் தாக்குப்பிடிக்கும்.

மாதம் ஒருமுறை இம்பெல்லரைக் கழற்றிக் கழுவ வேண்டும். மேலும் ஐயம் இருப்பின், பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகிப் பயன்பெறலாம். பம்பின் இரைச்சல் ஒரு முன்னெச்சரிக்கை. அதைக் கேட்டதும் பழுதைப் பாருங்கள். இரவில் பம்பை நிறுத்திவிட்டு உறங்காதீர்கள்.