இரண்டு கைபேசிகளும் ஒரு தேதியும்

கடையில் ஒரே சரக்கு இருந்தால் வாங்குகிறவனுக்குக் கவலை இல்லை. இரண்டு இருந்துவிட்டால்தான் சங்கடம். அதிலும் இரண்டும் நல்ல சரக்காயிருந்து, வாங்குகிறவன் உபாத்தியாயராகவும் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை!

2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நமக்கு இந்தச் சங்கடம் நேர்ந்தது. நமது மூத்த குமாரி ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த பழைய கைபேசியையே கொடுத்தனுப்பலாம் என்று முதலில் எண்ணினோம். ஆனால் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்று ஒரு வருஷமாகியிருந்தது. பாங்கிக் கணக்கே கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில், பூட்டுக் கெட்ட பெட்டியில் பணத்தை வைத்துக் குழந்தையிடம் கொடுத்தனுப்ப மனம் துணியவில்லை.

இந்தப் புதுப்பிப்பு என்பது என்ன? ஆண்ட்ராய்டு என்னும் இயக்க ஏற்பாட்டைக் கூகிள் நிறுவனம் ஆக்கித் தருகிறது. கைபேசி செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் சரக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது. திருடர் நுழையக்கூடிய ஓட்டைகள் அதில் அவ்வப்போது தென்படுகின்றன. அவற்றை அடைக்கும் வழியைக் கூகிள் வெளியிட்டாலும், அதை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர் கைபேசியைச் செய்தவரே. அவர் நிறுத்திவிட்டால் கைபேசி ஓடும், காவல் இராது.

நாம் எதிரெதிரே வைத்துப் பார்த்தவை இரண்டு. ஒன்று, அவ்வருஷம் மார்ச்சு மாதம் வெளிவந்த சாம்சங் காலக்ஸி ஏ55. அறிவித்த விலை ரூ. 39,999. மற்றொன்று, மே மாதம் வெளிவந்த கூகிள் பிக்ஸல் 8ஏ, விலை ரூ. 52,999. வித்தியாசம் சரியாகப் பதின்மூவாயிரம்.

காலக்ஸியின் திரை 6.6 அங்குலம், பிக்ஸலின் திரை 6.1 அங்குலம். முன்னது 213 கிராம். பின்னது 188 கிராம். முன்னதன் பாட்டரி 5,000 மில்லி ஆம்பியர்-மணி. பின்னது ஏறக்குறைய 4,500. காலக்ஸியில் தனியாக நினைவட்டை செருகலாம். பிக்ஸலில் அதற்கு இடமில்லை. காமிராவில் ஒன்றுக்கு 50 மெகாபிக்ஸல், மற்றதற்கு 64. இந்த எண்ணைக் கண்டு நேயர்கள் மயங்க வேண்டாம். சாதாரணமாக இரண்டுமே நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் படம் தருகின்றன. படத்தின் அழகு, உள்ளே விழும் வெளிச்சத்தையும் அதைச் சீர்ப்படுத்தும் கணக்கையுமே பொறுத்தது.

முக்கியமான வித்தியாசம் ஆயுளில் இருந்தது. காலக்ஸிக்கு ஐந்து வருஷம் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்றார்கள். பிக்ஸலுக்கு ஏழு வருஷம். விலையை வருஷத்தால் வகுத்தோம். காலக்ஸிக்கு வருஷம் ஒன்றுக்கு ரூ. 8,000, பிக்ஸலுக்கு ரூ. 7,571. அதிக விலையுள்ளதே மலிவு என்று கணக்கு சொல்லிற்று!

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த வருஷங்கள் நாம் வாங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை. சரக்கு சந்தைக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகின்றன. ஆகவே காலக்ஸியின் காவல் 2029 மார்ச்சில் முடியும். குமாரியின் கடைசிப் பரீட்சையோ அதற்கு இரண்டு மாதம் கழித்து. பிக்ஸலுக்கு 2031 மே வரை கவலை இல்லை.

"அப்படியானால் பிக்ஸலே" என்று தீர்மானித்தோம். குமாரி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, ஏழு வருஷமும் ஒரே பாட்டரி உழைக்குமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சார்ஜ் ஏற்ற ஏற்ற பாட்டரியின் சக்தி குறைந்துகொண்டே போகும். ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்தால் நமது லாபம் கரைந்துவிடுகிறது. "விடுதிக்குக் கட்ட வேண்டிய பதின்மூவாயிரத்துக்கு நீங்கள் யாரிடம் கைமாற்று கேட்கப் போகிறீர்கள்?" என்றாள் அடுத்தபடியாக. இதற்கு நம்மிடம் பதில் இல்லை. கைமாற்று கேட்க எண்ணியிருந்த விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் தெரியவில்லை. "கடைசி இரண்டு மாதம் பணம் அனுப்புவதை வேறு கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். பிறகுதான் நான் வக்கீலாகிவிடுவேனே!" என்று வழக்கை முடித்துவிட்டாள்.

காலக்ஸியையே வாங்கினோம். கையில் பணம் உள்ளவர் பிக்ஸலை வாங்கியிருந்தாலும் தவறில்லை. ஆனால் எதை வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேட்காமல் பணத்தை எண்ணிவைக்கக் கூடாது: இந்த மாடல் சந்தைக்கு வந்தது எந்த மாதம்? பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருஷம் வரை? பாட்டரி மாற்ற நம் ஊருக்கு அருகில் இடம் உண்டா? பழைய மாடலை விலை குறைத்துத் தருகிறார்களென்றால், அதில் கழிந்துபோன வருஷங்களையும் கழித்தே விலையை மதிக்க வேண்டும்.

மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி போடுகிறார்கள். கைபேசிப் பெட்டியில் போடுவதில்லை. ஆகையால் நாமே மசிப் பேனாவால் மூடியின் உட்புறம் '2029 மார்ச்சு' என்று எழுதினோம். குமாரி அதன் கீழே, 'பிறகு அப்பாவுக்குப் புதியது, என் செலவில்' என்று எழுதி வைத்துவிட்டு ரெயிலேறினாள்.