துடைப்பம் ஏறாத சூனியக்காரிகள்

நடுநிசி. பதுங்கு குழியில் கண்ணயர்ந்திருந்த ஜெர்மன் சிப்பாய்களின் தலைக்கு மேலே 'உஸ்' என்று ஓர் ஓசை. அடுத்த கணம், படீர்! குண்டு வெடிக்கிறது. அண்ணாந்து பார்த்தால் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

மேல்நாட்டுக் கதைகளில் சூனியக்காரிகள் துடைப்பக் கட்டையில் ஏறிப் பறப்பார்கள் அல்லவா? அந்த ஓசை ஜெர்மானியருக்கு அதைத்தான் நினைவூட்டியது. 'இரவுச் சூனியக்காரிகள்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

அந்தச் சூனியக்காரிகளில் பெரும்பாலோருக்கு வயது இருபதைச் சுற்றித்தான்!

1941-ல் ஹிட்லரின் சேனை ருஷ்யாவுக்குள் புகுந்தபோது, போர்முனைக்குப் போகப் பெண்களும் துடித்தார்கள். 1938-ல் தூரக் கிழக்குவரை நில்லாமல் பறந்து புகழ் பெற்றிருந்த மரீனா ரஸ்கோவா அவர்களுக்காக வாதாடினார். அக்டோபரில் மூன்று பெண்கள் விமானப் படைகளுக்கு உத்தரவு பிறந்தது. அவற்றில் ஒன்று 588-வது இரவுக் குண்டுவீச்சுப் படை. தலைவி எவ்டோகியா பெர்ஷான்ஸ்கயா முதல், குண்டு பூட்டுபவர், எஞ்சின் பழுது பார்ப்பவர் வரை எல்லாரும் பெண்களே.

உடுத்தக் கிடைத்ததோ ஆண்களின் உடுப்பும், காலுக்குப் பொருந்தாத பூட்ஸும். விமானமாவது நல்லதாகக் கிடைத்ததா? அதுவும் இல்லை! பறக்கப் பழகுபவர்களுக்கென்று மரச்சட்டத்தில் துணி போர்த்திச் செய்த 'போ-2'. வேகம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்தான். பகலில் கிளம்பினால் பகைவன் சுலபமாகச் சுட்டுவிடுவான். ஆகவே இருட்டையே கவசமாக்கிக் கொண்டார்கள். இலக்கை நெருங்கியதும் எஞ்சினை அடக்கிவிட்டு, ஓசைப்படாமல் சறுக்கி வந்து குண்டு போட்டார்கள். திரும்பி வந்து குண்டு ஏற்றிக் கொண்டு மறுபடியும் புறப்பாடு. ஒரே இரவில் எட்டுத் தடவை போனதும் உண்டு. 1944 வரை பாராசூட் கூடக் கிடையாது.

1943 ஜூலை 31 இரவு. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் விசித்திரமாக மௌனம் சாதித்தன. காரணம், ஜெர்மன் போர் விமானம் ஒன்று வானில் காத்திருந்தது! பின்னால் வந்த தோழிகளின் கண்ணெதிரே நான்கு விமானங்கள் தீப்பற்றி விழுந்தன. எட்டுப் பெண்கள் மாண்டார்கள். அதன் பிறகும் படை பறப்பதை நிறுத்தவில்லை.

1945-ல் படை கலைக்கப்பட்டபோது 23,000-க்கு மேற்பட்ட தடவை பறந்திருந்தார்கள். 23 பேர் 'சோவியத் யூனியன் வீரர்' என்ற மிக உயர்ந்த பட்டம் பெற்றார்கள்.

பிறகு? அவரவர் வாழ்க்கை. பெர்ஷான்ஸ்கயாவுக்குத் துணை நின்ற ஈரினா ரகோபோல்ஸ்கயா மாஸ்கோ சர்வகலாசாலைக்குத் திரும்பிப் பௌதிகம் கற்பித்தார். 2016-ல் தமது 96-வது வயதில்தான் கண்ணை மூடினார், அந்தச் 'சூனியக்காரி'!