மய்யித்தின் உரிமை

ஒரு முஸ்லிம் மவுத்தாகிவிட்டால் உயிரோடிருப்போர் அவருக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் நான்கு: குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழவைத்தல், நல்லடக்கம் செய்தல். சிலர் செய்தால் அனைவரின் கடமையும் நீங்கும்; ஒருவருமே செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். இதனைப் பர்ளு கிஃபாயா என்கிறது மார்க்கம். இந்த உரிமையில் ஏழை, செல்வர் என்ற வேற்றுமை இல்லை.

இவ்வுரிமையை ஓர் அரசே பறித்துக்கொண்டால்?

சிரியா நாட்டில் 1970-ல் ஆட்சியைக் கைப்பற்றிய ஹாபிஸ் அல் அசதும், 2000-ல் அவருக்குப் பின் வந்த மகன் பஷ்ஷாரும் சேர்ந்து 54 ஆண்டுகள் ஆண்டனர். 1982 பிப்ரவரியில் ஹமா நகரத்துக் கிளர்ச்சியை அடக்கப் படை ஏவப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2011-ல் மக்கள் வீதியில் இறங்கி உரிமை கேட்டபோது கைதுகள் பெருகின. பிடித்துச் செல்லப்பட்டவர் எங்கே என்று கேட்கவும் பெற்றோர் அஞ்சினர். டமாஸ்கஸுக்கு வடக்கேயுள்ள சைத்னாயா சிறையில் 2011 முதல் 2015 வரை 13,000 பேர் வரை தூக்கிலிடப்பட்டிருக்கலாம் எனச் சர்வதேச மன்னிப்புச் சபை 2017-ல் மதிப்பிட்டது. 2018-ல் அரசுப் பதிவேட்டைப் பார்த்த பின்னரே, தம் பிள்ளை எப்போதோ இறந்துவிட்டான் என்று பல குடும்பங்கள் அறிந்தன. பதிவு கிடைத்தது, மய்யித்து கிடைக்கவில்லை.

2024 டிசம்பர் 8-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது, சிறைக்கதவுகள் திறந்தன. ஓடிவந்த உற்றார் அறை அறையாகத் தேடினர். பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்பினர். காணாமற்போனோர் ஒரு லட்சத்திற்கும் அதிகம் என்பது மதிப்பீடு.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அவன் இருக்கின்றானா, இறந்தானா என்றே அறியாதவள் எந்நாளிலிருந்து எண்ணுவாள்? வாரிசுகள் சொத்தை எவ்வாறு பங்கிடுவர்? பெற்ற தாய் கையேந்தும்போது மகனின் உயிருக்காக இறைஞ்சுவாளா, மஃபிரத்துக்காக இறைஞ்சுவாளா? காணாமற்போனவனின் மனைவி நான்காண்டு காத்திருந்து, பின் இத்தா இருந்து, மறுமணம் செய்யலாம் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். எவருமே அறியாத மறைவுக்கு அது வழிகாட்டிற்று. அறிந்தவனே மறைத்தால் அது அநீதியின் மேல் அநீதியன்றோ!

அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறியவனுக்குத் தவ்பா உண்டு. அடியாருக்கு இழைத்த அநீதியோ, அவர் மன்னித்தாலன்றித் தீராது. முஆத் (ரலி) அவர்களை ஏமன் நாட்டுக்கு அதிகாரியாக அனுப்பியபோது, அநீதிக்குள்ளானவரின் துஆவுக்கு அஞ்சுமாறும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லையென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதிகாரம் பெற்றவருக்கே அந்த எச்சரிக்கை முதலில் சொல்லப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. ஆள்பவர் கலிமா மொழிந்தவர் என்பதால் அநீதி நீதியாகிவிடாது.

இன்றைய ஜும்ஆவில் கையேந்தும்போது, கபுறு எதுவென்றே அறியாத அந்தத் தாய்மாரையும் நினைவுகூர்வோமாக! எல்லாம் வல்ல அல்லாஹ் அவர்களுக்கு உண்மையை வெளிப்படுத்தி, பொறுமையையும் நீதியையும் அருள்வானாக! ஆமீன்.